அரசு ஏகபோகமும் ஏர் டெக்கானும்: சட்டவழி வரலாற்று நோக்கு

முன்னுரை

ஏர் டெக்கான் நிறுவனர் கோபிநாத்தின் வாழ்வைத் தழுவி உருவான 'சூரரைப் போற்று' (2020) திரைப்படம், கர்நாடகத்துக் கோரூரில் வளர்ந்தவரின் கதையை மதுரைக்கு அருகிலுள்ள சோழவந்தானுக்கு மாற்றியது. விமானப் போக்குவரத்தை எளியோர்க்குத் திறந்துவிட்டது தனிமனிதத் துணிவே என்பது அப்படம் தரும் சித்திரம். அவ்வரலாற்றில் சட்டமும் விதிகளும் வகித்த பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏகபோகத்தின் தோற்றமும் முடிவும்

1953ஆம் ஆண்டின் விமானக் கழகங்கள் சட்டம் எட்டு உள்நாட்டு நிறுவனங்களை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸை உருவாக்கியது. கால அட்டவணைப்படி விமானம் இயக்கும் உரிமை அரசுக் கழகங்களுக்கே உரியதாயிற்று. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆதலால் ஈஸ்ட் வெஸ்ட் (1992), ஜெட் ஏர்வேஸ் (1993) ஆகியவை 'ஏர் டாக்சி' அனுமதியின் பெயரிலேயே பறந்தன. 1994 மார்ச் 1 அன்று சட்டம் நீக்கப்பட்டது. எனவே 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கானின் முதல் விமானம் பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்குப் புறப்பட்டபோது, சட்டப்படியான ஏகபோகம் முடிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கட்டணப் புரட்சி

அந்நிறுவனம் உண்மையில் எதிர்த்தது, விமானப் பயணம் செல்வர்க்கே உரியது என்னும் வழக்கத்தை. சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள், இலவச உணவின்மை, இணையவழி விற்பனை, முந்துவோர்க்குக் குறைந்த கட்டணம் ஆகியவற்றால் செலவைக் குறைத்து, இரயிலின் உயர்வகுப்புப் பயணிகளைத் தன்பால் ஈர்த்தது. ஏலமலை அடிவாரத்துப் போடிநாயக்கனூர், ராசிங்காபுரம் வட்டாரத்தினர் நாடும் மதுரை விமான நிலையமும் அதன் சேவையைப் பெற்றது.

விதியின் விலை

குறைந்த கட்டணம் இழப்பையும் பெருக்கியது. 2007இல் கிங்ஃபிஷர் அதன் 26 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. ஐந்தாண்டு உள்நாட்டுச் சேவையும் இருபது விமானங்களும் உடைய நிறுவனமே வெளிநாட்டுக்குப் பறக்கலாம் என்பது அன்றைய விதி. 2005இல் தொடங்கிய கிங்ஃபிஷர்க்கு அத்தகுதி இல்லை. டெக்கான் 2008 ஆகஸ்டில் ஐந்தாண்டை நிறைவு செய்தது. இணைப்புக்குப் பின், 2008 செப்டம்பரில் கிங்ஃபிஷரின் பெங்களூரு–இலண்டன் சேவை தொடங்கியது. டெக்கான் என்னும் பெயர் மறைந்து 'கிங்ஃபிஷர் ரெட்' ஆயிற்று. 2012இல் கிங்ஃபிஷரின் சேவையும் நின்றது.

முடிவுரை

ஏர் டெக்கானை வீழ்த்தியது அரசு நிறுவனமன்று. குறைந்த கட்டணத்தால் அது ஈட்டிய புகழைவிட, விதி அதன் வயதுக்கு அளித்த மதிப்பே வாங்கியவர்க்குப் பயன்பட்டது. தனியார் போட்டியின் வரலாற்றைத் துணிவின் வரலாறாக மட்டும் எழுதுவது முழுமையாகாது என்பது இதனால் புலனாகிறது.