தேர்த்துகளின் கீழெண்

தமிழ்க் கணக்குமரபில் ஒன்றன் கூறுகள் கீழ்வாயிலக்கம் எனப்பெறும். அவற்றுள் முந்திரி 1/320. முந்திரியின் முந்திரி கீழ்முந்திரி, அது 1/102400. அதனினும் நுண்ணியவாய் இம்மி முதலாக ஒரு வரிசை உண்டு. அதன் ஈற்றில் நிற்பது தேர்த்துகள். அதன் கீழெண் 2323824530227200000000 என்பதாம். இருபத்திரண்டு இலக்கங் கொண்ட இவ்வெண்ணின் இயல்பினை ஈண்டு ஆராய்வாம்.

கீழ்முந்திரியை 21 கூறிட இம்மி. இம்மியை 11 கூறிட மும்மி. அங்ஙனமே முறையே 7 கூறிட அணு, 9 கூறிடக் குணம், 5 கூறிடப் பந்தம், 6 கூறிடப் பாகம், 7 கூறிட விந்தம், 17 கூறிட நாகவிந்தம், 14 கூறிடச் சிந்தை, 20 கூறிடக் கதிர்முனை, 40 கூறிடக் குரல்வளைப்படி, 60 கூறிட வெள்ளம், 100 கூறிட நுண்மணல். நுண்மணல் ஒன்றுக்குத் தேர்த்துகள் ஆறரை.

இறுதியெண்ணைப் பகா எண்களாகப் பிரித்து நோக்கின், அதன்கண் 2 இருபத்திரண்டு முறையும், 3 ஐந்து முறையும், 5 எட்டு முறையும், 7 நான்கு முறையும், 11, 13, 17 என்பன ஒவ்வொரு முறையும் காரணிகளாக அமைந்துள்ளன. எனவே 1 முதல் 18 வரையுள்ள எவ்வெண்ணாலும் அது மீதியின்றி வகுபடும், 19-ஆல் வகுபடாது. அதனை வகுக்கும் எண்களின் தொகை 49680. பதினொன்று மும்மியாலும், பதினேழு நாகவிந்தத்தாலும், பதின்மூன்று ஈற்றிலுள்ள ஆறரையாலும் வந்தன. ஆகவே இத்தொகை மனம்போனவாறு கூறப்பட்டதன்று. படிமுறையாற் கணித்துப் பெறப்பட்டதே என்பது தெளிவு.

இனி இவ்வாராய்ச்சியாற் பெறும் பயன் யாதெனின், பாடத்தெளிவு என்க. இக்காலத்து வழங்கும் பட்டியல்கள் சிலவற்றில் கதிர்முனையின் கீழெண் 489631109120000 எனவும், குரல்வளைப்படியினது 9585244364800000 எனவும், வெள்ளத்தினது 575114661888000000 எனவும், நுண்மணலினது 57511466188800000000 எனவும் காணப்படுகின்றன. குணத்தின்பின் வரும் கீழெண் யாவும் ஒன்பதால் வகுபடல் வேண்டும். இந்நான்கும் வகுபடவில்லை. முறையே 1, 5, 3, 3 என்னும் முதலிலக்கங்களைக் கூட்டிய வழி நான்கும் வகுபடுகின்றன. மேற்காட்டிய படிமுறைக்கும் பொருந்துகின்றன.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. குரல்வளைப்படியின் பிழைத்தொகையை அறுபதாற் பெருக்கின் வெள்ளத்தின் பிழைத்தொகையே வரும். அதனை நூறாற் பெருக்கின் நுண்மணலின் பிழைத்தொகை வரும். ஆதலின் அண்டை எண்களின் இயைபு மட்டும் சான்றாகாது. திரிபின்றி நிற்கும் தேர்த்துகளின் எண்ணை ஆறரையால் வகுத்தவிடத்தே நுண்மணலின் மெய்த்தொகையாகிய 357511466188800000000 வெளிப்படுகின்றது. ஏனைய எண்கள் சிதைந்த பட்டியலுள்ளும் ஈற்றெண் சான்றாக நின்று அவற்றை மீட்டுத் தருதல் வியக்கத்தக்கது.

மற்று, வெள்ளம் என்னும் சொல் பரிபாடலில் பேரெண்ணைக் குறிப்பது. ஈண்டோ மிகச் சிறிய கூற்றைக் குறிக்கின்றது. அகராதி செய்வார் இவ்விரு பொருளையும் வேறுபிரித்துக் காட்டல் வேண்டும்.

1957-இல் பதின்ம நாணயமுறை வந்தபின் கீழ்வாயிலக்கத்திற்கு அன்றாட வழக்கில் இடம் அருகிற்று. வழக்கிலுள்ள எண் பிழைபடின் கடைத்தெருவே அதனைத் திருத்தும். வழக்கொழிந்த எண்ணைத் திருத்துவார் பதிப்பாசிரியரே. ஆதலின் கணக்குநூல்களைப் பதிப்பிப்போர் சொற்களை ஒப்புநோக்குமாறு போலவே எண்களையும் பெருக்கியும் வகுத்தும் நோக்குதல் கடனாம் எனக் கருதுகின்றோம்.