பட்டணத்து நொடிப்பும் வெளியூர் நொடிப்பும்

கடனைத் தீர்க்க இயலாது கைவிரித்தவனைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. நொடித்தான், முறிந்தான் என்பன நம் சொற்கள். திவாலானான் என்பது வடபுலத்து வாணிக வழக்கு. ஈழத் தமிழர் வங்குரோத்து என்பர். அஃது ஐரோப்பிய மொழிச் சொல்லின் திரிபு. இவற்றோடு, ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தான்’, ‘ஐ.பி. போட்டான்’ என்னும் இரு தொடர்களும் பேச்சில் பயில்கின்றன. முன்னைய சொற்கள் ஒருவனுக்கு நேர்ந்த நிலையைக் கூறுவன; பின்னைய இரண்டும் அவன் நீதிமன்றம் சென்று செய்த ஒரு செயலைக் கூறுவன. ஊரார் பணத்தை விழுங்கிவிட்டுச் சட்டத்தின் பின் ஒளிந்துகொண்டான் என்னும் இகழ்ச்சியும் அவற்றில் உண்டு. ஆயின், அக்கடுதாசியைக் கொடுக்கும் உரிமை எல்லார்க்கும் ஒருங்கே வந்ததன்று. கடனாளி எவ்வெல்லைக்குள் வாழ்ந்தான் என்பதைப் பொறுத்தே அது கிடைத்தது. இதனை ஈண்டு ஆராய்வோம்.

பழங்காலத்தில் கடனாளிக்கும் கடன் கொடுத்தவனுக்கும் இடையே நின்றது வழக்காறேயாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மாபார் என்று அராபியர் வழங்கிய பாண்டிநாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தைக் குறித்துள்ளார். பலமுறை தவணை கூறி ஏமாற்றிய கடனாளியைக் கண்டவிடத்து, கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றி நிலத்தில் ஒரு வட்டம் வரைவான். கடனைத் தீர்த்தோ ஈடு கொடுத்தோ அல்லாமல் அவன் அவ்வட்டத்தைத் தாண்டலாகாது. தாண்டின் உயிருக்கே கேடு. அயல்நாட்டு வணிகன் ஒருவன் அரசனையே அவ்வாறு வளைத்ததையும், அவ்வணிகனுக்கு உரியது கிடைக்குங்காறும் அரசன் அசையாது நின்றதையும் தாமே கண்டதாக அவர் எழுதுகின்றார். கடனாளி வெளியேறுதற்கு வழி ஒன்றே. அது கடனைத் தீர்ப்பது. தீர்க்கவே இயலாதவன் என்செய்வான் என்ற வினா அங்கே எழவில்லை.

அவ்வினாவுக்குச் சட்டம் விடை கூறத் தொடங்கியது ஆங்கிலேயர் காலத்தில். அதுவும் மூன்று நகரங்களுக்கு மட்டும். 1828-இல் பிரிட்டானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகியவற்றில் நொடித்த கடனாளிகளுக்கெனத் தனி மன்றங்களை அமைத்தது. 1848-இல் அதனினும் விரிந்த சட்டம் வந்தது. சென்னைக் கறுப்பர் பட்டணத்து வணிகன் தானே வலியச் சென்று தன் உடைமையை ஒப்படைத்து அம்மன்றத்தின் காப்பைப் பெறலாயிற்று. மதுரை, தஞ்சை, கோவை வணிகனுக்கோ அத்தகைய மன்றமே இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1877-இலும் 1882-இலும் ஓர் இயல் இருந்தது உண்மையே. எனினும் அதனைப் பயன்படுத்த, அவன்மீது பணத்துக்கான டிக்கிரி முன்னரே ஆகியிருத்தல் வேண்டும். அதனை நிறைவேற்றும்பொருட்டு அவன் கைதாகியோ உடைமை ஜப்திக்குள்ளாகியோ இருத்தலும் வேண்டும். அமீனா வாயிற்படியில் வந்து நின்ற பின்னரே அவனுக்கு வழி திறந்தது.

1906 அக்டோபர் 22-ஆம் நாள் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தபோது, அதன் பங்காளிகள் நாடியது 1848-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பட்டணத்து மன்றத்தையே. தலைமைப் பங்காளியாகிய சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பின்னர் மோசடிக் குற்றத்திற்காகச் சிறைத்தண்டனையும் பெற்றார். தம் சேமிப்பை அங்கே வைத்து இழந்தோருள் வெளியூரினரும் பலர். அவ்விழப்பால் அவர்கள் கடனாளிகளாயிருப்பின், அவர்களை முறித்த நிறுவனத்தின் பங்காளிகளுக்குக் கிடைத்த காப்பு அவர்களுக்குத் தம் ஊரில் கிடையாது. இம்முரணைப் பொருளாதார வரலாறு எழுதுவோர் போதிய அளவு கருதினாரில்லை. இந்தியன் வங்கி 1907-இல் தோன்றிய கதையோடு அவர்கள் அமைந்துவிடுகின்றனர்.

அதே 1907-இல்தான் வெளியூர்களுக்கான மாகாண நொடிப்புச் சட்டம் பிறந்தது. 1909-இல் தலைநகரங்களுக்கான நொடிப்புச் சட்டம் வந்தது. 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 1920-இன் ஐந்தாம் சட்டம் பெற்றது. இனி எல்லார்க்கும் வழி உண்டு. ஆனால் வழி ஒன்றன்று. நுழைவாயில் மட்டும் ஒத்திருந்தது: ஐந்நூறு ரூபாய்க் கடனாவது இருத்தல் வேண்டும், அன்றிக் கைதோ ஜப்தியோ நேர்ந்திருத்தல் வேண்டும். வாயிலைக் கடந்ததும் பாதைகள் பிரிகின்றன. பட்டணத்தில் மனுக் கொடுத்த அளவிலேயே நீதிமன்றம் ஒருவனை நொடித்தவன் என அறிவிக்கலாம். அவன் சொத்து அபிஷியல் அசைனியிடம் சேரும். வெளியூரிலோ நாள் குறித்து, கடன் கொடுத்தோர்க்கு அறிவிப்பு அனுப்பி, கடனிறுக்க இயலாமையைக் கடனாளி காட்டிய பின்னரே அறிவிப்பு உண்டு. சொத்து ரிசீவரிடம் போகும்.

இவற்றினும் ஆராயத்தக்கது, கடனாளியிடம் எஞ்ச விடப்பட்டது யாது என்பதே. 1909-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்கருவி, உடை, படுக்கை, சமையற்கலம், தட்டுமுட்டு ஆகியவற்றை அவனுக்கும் மனைவி மக்களுக்கும் விட்டது. ஆயின் அனைத்தும் சேர்ந்து முந்நூறு ரூபாய் மதிப்பை மிஞ்சலாகாது. 1920-ஆம் ஆண்டுச் சட்டமோ, 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி ஜப்தி செய்யலாகாத பொருள்களைத் தொடாது விட்டது. அப்பட்டியலில் கைவினைஞன் கருவிகளுக்கு விலை வரம்பு இல்லை. உழவனாயின் ஏர்க்கருவியும், பிழைப்புக்கு வேண்டுமென மன்றம் கருதும் மாடும் விதைநெல்லும், அவன் குடியிருக்கும் வீடும் தப்பும். சமய வழக்கின்படி பெண்டிர் களையலாகாத அணியும் தப்பும். இங்குத் தாலி நினைக்கப்பட்டது வெளிப்படை. காஞ்சிபுரத்துத் தறிக்காரனையும் சிந்தாதிரிப்பேட்டைத் தறிக்காரனையும் எண்ணிப் பார்க்க. இருவர்க்கும் ஒரே கடன், ஒரே தறி எனக் கொள்வோம். முன்னவன் நொடித்த மறுநாளும் நெய்யலாம். பின்னவன் தறியோ முந்நூறு ரூபாய்க் கணக்குக்கு உட்பட்டது. காப்பு முன்னே கிடைத்த பட்டணத்தானுக்கு எஞ்சியது குறைவு; பின்னே கிடைத்த நாட்டுப்புறத்தானுக்கு எஞ்சியது மிகுதி. பட்டணச் சட்டம் வணிகனையும் வெளியூர்ச் சட்டம் உழவனையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டன என்பது எம் கருத்து. இடையே அகப்பட்டவன் பட்டணத்துக் கைவினைஞன்.

எல்லையைத் தேர்ந்துகொள்ள வசதியுடையாரும் இருந்தனர். மனுவுக்கு முன் ஓராண்டுக்குள் பட்டணத்தில் முகவன் வாயிலாகவேனும் வாணிகம் நடத்தியவன் உயர்நீதிமன்றத்தை அணுகலாம். வெளியூரில் வீடும் சென்னையில் கடையும் உடையவனுக்கு இரண்டு கதவுகள். ஊரை விட்டு அகலாத ஏழைக்கு ஒன்றே.

இனி, இகழ்ச்சியைப் பற்றி ஒரு சொல். டிக்கிரிக் கடனுக்காகக் கைதானவனை மன்றத்தின் முன் நிறுத்தும்போது, நீ நொடிப்பு மனுக் கொடுக்கலாம் என்று அவனுக்கு அறிவிக்குமாறு 1908-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஒரு திங்களுக்குள் மனுக் கொடுப்பதாக ஈடு காட்டின் அவனை விடுவிக்கவும் இடந்தந்தது. மஞ்சள் கடுதாசி, எனவே, கயவன் கண்டுபிடித்த சூழ்ச்சியன்று; மன்றமே எடுத்துரைத்த வழி. மனுவோடு கடன் ஒழிந்துவிடுவதுமில்லை. மன்றம் குறித்த காலத்துள் கடன்விடுவிப்புக் கோரத் தவறினால் 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிப்பே நீக்கப்படும்; பழைய கடன்கள் மீண்டும் அவன் தலைமேல் ஏறும்.

2016-இல் இயற்றப்பட்ட நொடிப்புத் தொகுப்புச் சட்டம் இவ்விரு சட்டங்களையும் நீக்கி, நாடு முழுமைக்கும் ஒரே முறையை வகுத்தது. ஆயினும் தனியாட்களைப் பற்றிய அதன் பகுதி 2019 திசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது, கம்பெனிக் கடனுக்குப் பிணைநின்றோர் அளவில் மட்டுமே. பிறருக்கு, சென்னையில் 1909-ஆம் ஆண்டுச் சட்டமும் காஞ்சிபுரத்தில் 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்பொழுதும் விட்டுவைக்கப்பட்டன.