திருகு மூடி ஜாடி பிறந்த கதை

அமெரிக்காவில் இலையுதிர் காலத்துக் கல்யாணத்தைப் பண்ணை முற்றத்திலும் ஆப்பிள் தோட்டத்திலும் வைத்துக்கொள்வது இப்போது பெரிய வழக்கம். சாப்பாட்டு மேசைகளில் சாக்குத் துணி விரிப்பு, குட்டிப் பூசணி, கோதுமைக் கதிர், சூரியகாந்தி என்று பருவத்து விளைச்சலே அலங்காரமாகிவிடும். அவற்றுக்கு நடுவே தவறாமல் நிற்பது ஒரு கண்ணாடி ஜாடி. பூவும் அதில்தான், மெழுகுவத்தியும் அதில்தான், குடிக்கத் தரும் ஆப்பிள் சாறும் அதில்தான். மேசன் ஜாடி என்று பெயர். மேசையை அழகு செய்யும் இந்த ஜாடி, பசிக்குப் பயந்த சமையலறைக்காகப் பிறந்தது.

அங்கே குளிர்காலத்தில் தோட்டம் உறைந்து கிடக்கும். ஆகஸ்ட், செப்டம்பரிலோ தக்காளியும் பீச்சும் ஒரே சமயத்தில் பழுத்துக் கொட்டும். அதை அடுத்த வசந்தம்வரை காப்பாற்றியாக வேண்டும். நம் ஊறுகாய்க்கு உப்பும் எண்ணெயும் காவல். ஜாடி வாயில் வேடு கட்டிவிட்டால் போதும். பீச் துண்டுக்கு அந்தக் காவல் கிடையாது, காற்று புகாமல் அடைத்தால்தான் நிற்கும். பாட்டிலில் போட்டு, தக்கையால் அடைத்து, கொதிநீரில் வைத்தெடுத்தால் உணவு கெடாது என்று காட்டிய பிரான்ஸின் நிக்கோலா அப்பேர், 1810-ல் அரசிடம் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். ஏன் கெடுவதில்லை என்று விஞ்ஞானி பாஸ்டர் விளக்கியது அதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான்.

முறை கிடைத்தும் நல்ல மூடி கிடைக்கவில்லை. தகர மூடியை வைத்து, சுற்றிலும் சுடச்சுட மெழுகு ஊற்றி அடைப்பார்கள். கை சுடும். திறக்கும்போது மெழுகுத் துணுக்கு பழத்தில் விழும். எங்கோ ஓரிடத்தில் மயிரிழை விரிசல் விட்டாலும் உள்ளே இருப்பது அத்தனையும் பாழ்.

நியூயார்க்கில் தகர வேலை செய்துவந்த ஜான் லாண்டிஸ் மேசன், 1858 நவம்பர் 30 அன்று இதற்கு ஒரு தீர்வுக்குக் காப்புரிமை வாங்கினார். கண்ணாடிக் கழுத்தில் மரை போடுவதை அவருக்கு முன்பே பலர் முயன்றிருந்தார்கள். ஆனால் ஊதிச் செய்யும் ஜாடியை ஊதுகுழலிலிருந்து பிரிக்கும் இடத்தில் விளிம்பு கரடுமுரடாகவே இருக்கும். மரை அந்த விளிம்புவரை ஓடினால் மூடி நேராக ஏறாது. மேசன் வெட்டிய அச்சில், மரை விளிம்பைத் தொடுமுன்பே தேய்ந்து மறைந்தது, கீழேயும் அப்படியே. மூடி தடங்கலின்றி இறங்கி ஜாடியின் தோளில் போய் அழுந்தியது. இடையில் ஒரு ரப்பர் வளையம் போட்டு இறுக்கினால் மெழுகுக்கு வேலையே இல்லை. கழுவி வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் அதே ஜாடி. இவ்வளவு சின்னத் திருத்தம் இத்தனை குடும்பங்களின் குளிர்காலத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மேசனின் மூடி துத்தநாகத்தால் ஆனது. அது பட்டு உணவில் உலோக வாடை அடித்தது. 1869-ல் லூயிஸ் பாய்டு மூடிக்குள் வெள்ளைக் கண்ணாடி வில்லை பதித்து அதையும் சரிசெய்தார். மேசனுக்கு மட்டும் பணம் தங்கவில்லை. 1879-ல் காப்புரிமை முடிந்ததும் ஆளாளுக்கு ஜாடி செய்தார்கள். 1902-ல் அவர் வறுமையில் இறந்தார். அவர் பெயரையும் 1858 நவம்பர் 30 என்ற தேதியையும் தொழிற்சாலைகள் புடைப்பெழுத்தாகப் பல பத்தாண்டுகள் பதித்துக்கொண்டே இருந்தன. பழைய ஜாடி வாங்குகிறவர்கள் அந்தத் தேதியை நம்பி ஏமாறக் கூடாது.

பஃபலோவில் 1884-ல் ஜாடி செய்யத் தொடங்கிய பால் சகோதரர்கள், இயற்கை எரிவாயு மலிவாகக் கிடைத்ததால் இண்டியானாவின் மன்சி ஊருக்குப் பெயர்ந்தார்கள். மணமேசைக்காக இன்று தேடி வாங்கப்படும் அந்த இளநீல ஜாடிகள் அவர்களுடையவை. மணலில் கலந்திருந்த இரும்புதான் அந்த நிறத்தைத் தந்தது. அந்த மணல் வந்த இடமான மிச்சிகன் ஏரிக்கரையில் ஹூசியர் ஸ்லைடு என்று சுமார் 200 அடி உயர மணல்மேடு இருந்தது. கண்ணாடிக்கும் பிற வேலைகளுக்கும் ரயில் பெட்டி பெட்டியாக அள்ளியதில் 1920-களுக்குள் அந்த மேடே இல்லாமல் போயிற்று. நீலத்தின் அழகைப் பேசுகிறவர்கள் இந்த இழப்பையும் சேர்த்துப் பேச வேண்டும்.

1915-ல் அலெக்சாண்டர் கெர் தட்டையான வில்லையும் திருகு வளையமுமாக இரண்டு துண்டு மூடியைக் கொண்டுவந்தார். சூடான ஜாடி ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, வில்லையின் நடு டக்கென்று உள்ளிறங்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஜாடி நன்றாக அடைபட்டது என்று அர்த்தம். பிறகு உறைபெட்டியும் சூப்பர்மார்க்கெட்டும் வந்தன. ஜாடி பரணுக்குப் போயிற்று. 2010-க்குப் பிறகு பின்ட்ரெஸ்ட் இணையதளப் படங்கள் வழியாக அது கல்யாண மேசைக்கு இறங்கிவந்தது. வெட்டவெளிக்குப் பொருத்தமானதுதான்: அடியில் இரண்டு விரல் மணல் போட்டு மெழுகுவத்தி நட்டால் காற்றில் சுடர் அணையாது, ஜாடியும் சாயாது.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் வீட்டுக் கல்யாணம் இலையுதிர் காலத்தில் வந்தால் ஒன்று செய்யுங்கள். பூ ஜாடிகளுக்கு நடுவே, அந்தப் பருவத்து பீச்சோ தக்காளியோ வீட்டில் அடைத்த நாலு ஜாடிகளையும் வையுங்கள்.