விடுபட்டவர்களையும் எண்ணும் விதி

2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் லிவர்பூலில் 32 வயதுப் பத்திரிகையாளர் ஒருவருக்குக் கொரோனா தடுப்பூசிக்கு அழைப்பு வந்தது. முதியவர்களுக்கும் கடும் நோயுள்ளவர்களுக்கும் முன்னுரிமை தந்த காலம் அது. குழம்பிப்போனவர் தன் மருத்துவரிடம் விசாரித்தார். 6 அடி 2 அங்குலம் என்றிருக்க வேண்டிய உயரம் 6.2 செ.மீ. என்று பதிவாகியிருந்தது. அந்த உயரத்தைக் கொண்டு கணக்கிட்டதில் அவருடைய உடல் நிறை குறியீடு 28,000. ‘குறியீடு 40 அல்லது அதற்கு மேல்’ என்ற விதி அவரைப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அவர் கேட்டதால்தான் பிழை வெளிவந்தது. தவறாகச் சேர்க்கப்பட்டவர் கையில் ஒரு கடிதமாவது இருக்கும். ஏன் என்று கேட்பார். தவறாக விடுபட்டவருக்குக் கடிதமே வராது. அதனால் விதிகளால் நோயாளிப் பட்டியல் தயாரிக்கும் எந்த மென்பொருளும், யாரைச் சேர்த்தது என்பதோடு யாரை எதனால் விட்டது என்பதையும் காட்டியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

‘மற்றும்’, ‘அல்லது’, ‘இல்லை’ ஆகிய மூன்றே இவ்விதிகளின் இணைப்புச் சொற்கள். ஜார்ஜ் பூல் 1854இல் வெளியிட்ட தருக்கக் கணித நூலும், மதுரையில் 1806இல் பிறந்த அகஸ்டஸ் டி மார்கனின் விதிகளும் இவற்றின் அடித்தளம். அந்தக் கணிதத்தில் ஒரு கூற்று உண்மையாக இருக்கும், இல்லையேல் பொய்யாக இருக்கும். நோயாளியின் கோப்பில் மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு: யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை.

சர்க்கரை கட்டுப்படாதவர்களை அழைக்க விரும்பும் செவிலியர் ஒருவர், மூன்று மாதச் சர்க்கரை அளவு ‘9 விழுக்காட்டுக்கு மேல்’ என்று விதி எழுதுகிறார் என்று கொள்வோம். சோதனையே செய்துகொள்ளாதவர் பட்டியலில் வரமாட்டார். அதைத் திருத்த ‘9 அல்லது அதற்குக் கீழ் இல்லாதவர்’ என்று மாற்றி எழுதினாலும் எஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் பலன் இராது. வெற்றுக் கட்டத்தை 9உடன் ஒப்பிட்டால் விடை ‘தெரியாது’. அதற்கு முன் ‘இல்லை’ சேர்த்தாலும் விடை ‘தெரியாது’தான். உண்மை என்று உறுதியானவரை மட்டுமே வினவல் திருப்பித் தரும். ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைப் பக்கமே வராதவர், அதாவது முதலில் அழைக்கப்பட வேண்டியவர், இரண்டு விதிகளிலும் நழுவிப்போகிறார். ‘அல்லது, கடந்த ஓராண்டில் சோதனை இல்லை’ என்ற வரியைத் தனியே சேர்த்தால்தான் அவர் அகப்படுவார்.

இங்கிலாந்தின் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் சிக்கல் எழுந்ததோ வயது வரம்பில். அங்கே 50 வயதிலிருந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை பெண்களை அழைக்கிறார்கள். அழைப்பு மருத்துவரகம் மருத்துவரகமாகச் சுற்றி வருவதால், முதல் கடிதம் ஒருவருக்கு 50இலும் இன்னொருவருக்கு 53ஐ நெருங்கும்போதும் வரலாம். கடைசிக் கடிதமும் அப்படியே 68க்கும் 71க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரும். அப்படியானால் 70 முடிந்தவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா? 2018 மே 2 அன்று அப்போதைய சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட், 2009 முதல் சுமார் 4,50,000 பெண்களுக்குக் கடைசி அழைப்பு போகவில்லை என்றும் கணினி வழிமுறையின் கோளாறே காரணம் என்றும் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்த சுயேச்சை மறுஆய்வு, மேல் வயது வரம்பைப் பற்றித் தெளிவான, ஒருமித்த வரையறை இல்லாததைச் சுட்டிக்காட்டியது. பாதிப்பும் முதலில் சொன்னதைவிடக் குறைவு என்றது. எந்தத் தேதியில் வயதைக் கணக்கிடுவது என்று மனிதர்கள் முடிவு செய்யாதபோது எந்த நிரலாலும் அதைத் தீர்க்க முடியாது.

‘ஆம்’, ‘இல்லை’, ‘தெரியாது’ என மூன்று எண்ணிக்கைகளையும் மென்பொருளின் திரை காட்டட்டும். மூன்றின் கூட்டுத்தொகை பதிவேட்டின் மொத்தத்தோடு ஒத்துப்போகட்டும். வேலைப்பளு மிகுந்த மருத்துவர்கள் இதையெல்லாம் பார்ப்பார்களா என்ற எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் ‘தெரியாது’ பட்டியல் நீளமாக இருப்பதே ஒரு மருத்துவச் செய்திதான். பிரிட்டனில் பொது மருத்துவர்களின் தர ஊக்கத்தொகைத் திட்டம் 2004இல் தொடங்கியபோதே, கணக்கிலிருந்து விலக்கப்படும் நோயாளிக்குக் காரணம் பதிய வேண்டும் என்ற முறை வந்தது. விலக்கை எண்ணுவது நடைமுறைக்கு ஒவ்வாதது அல்ல.

அம்முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. நோய்க்குறியீடே பதியப்படாதவர் அந்தக் கணக்குக்குள் நுழைவதில்லை. அவரைத் தேட வேறு விதி வேண்டும்: நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் வாங்குகிறார், ஆனால் நீரிழிவுக் குறியீடு இல்லை. இதில் வருவோரில் சிலர் சினைப்பை நீர்க்கட்டிக்காக அம்மாத்திரை எடுக்கும் பெண்களாக இருப்பார்கள். யார் எவர் என்பதை மருத்துவர் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்துத்தான் பிரிக்க முடியும்.