மக்கா யாத்திரையும் மாதரும்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயில் திரிசூலத்தை அடையும்போது, எதிரே மீனம்பாக்கம் விமான நிலையம் காட்சி தரும். தமிழகத்து ஹஜ் யாத்திரிகர்கள் புறப்படும் இடம் இது. 2022இல் அவர்கள் கொச்சிக்குச் சென்று விமானம் ஏற நேர்ந்தது. 2023இல் சென்னை மீண்டும் புறப்படும் துறையாயிற்று. அவர்கள் தங்கிச் செல்வதற்கென, அருகிலுள்ள நங்கநல்லூரில் ஓர் இல்லத்துக்கு 2025இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆண்துணை இல்லாத மாது ஒருத்தி இவ்வழியே மக்கா செல்லலாமா என்னும் வினாவுக்கு நெடிய சரித்திரம் உண்டு. அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

உடல் நலமும் பொருள் வசதியும் உடைய முஸ்லிம் ஒவ்வொருவருக்கும் ஆயுளில் ஒருமுறை ஹஜ் கடமையாகும். இதில் ஆண், பெண் என்ற வேற்றுமை இல்லை. ஸஃபா, மர்வா என்னும் குன்றுகளிடையே யாத்திரிகர் ஏழு முறை செல்வர். ஆளரவமற்ற பள்ளத்தாக்கில், தாகத்தால் தவித்த மகவுக்கு நீர் தேடித் தனியே ஓடிய ஹாஜரா அம்மையாரின் நினைவாக நிகழும் சடங்கு அது. ஒரு தாயின் தவிப்பே உலக முஸ்லிம்களுக்கு வழிபாடாயிற்று!

ஆயினும், பெண்கள் நெடும்பயணம் செல்கையில் கணவரோ மஹ்ரமோ உடன் செல்லவேண்டும் என்று நபிமொழி கூறுகிறது. தந்தை, சகோதரன், மகன் போன்ற, மணம் புரியத் தகாத உறவினரே மஹ்ரம் எனப்படுவர். ஹனஃபி அறிஞர்கள் இதனைக் கண்டிப்பாகக் கொண்டனர். ஷாஃபி அறிஞர்களோ, கடமையான ஹஜ்ஜுக்கு நம்பகமான பெண்கள் குழு இருப்பின் போதும் என்றனர். கலீஃபா உமர் காலத்தில் நபிகளாரின் துணைவியர், உஸ்மான், அப்துர் ரஹ்மான் ஆகியோரின் பாதுகாப்பில் ஹஜ் சென்றதை அவர்கள் சான்று காட்டுவர். தமிழகத்தில் இவ்விரு நெறியினரும் வாழ்கின்றனர். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் ஷாஃபிகள் மிகுதி. உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள்.

அக்காலத்து வழிகளின் அபாயத்தை எண்ணினால் இக்கட்டுப்பாட்டின் காரணம் புலனாகும். பாபரின் புதல்வி குல்பதன் பேகம், அரண்மனை மாதர் பலருடன் 1575ஆம் ஆண்டளவில் மக்காவுக்குப் புறப்பட்டார். போர்ச்சுகீசியரின் அனுமதிச்சீட்டுக்காகச் சூரத்தில் நெடுநாள் காத்திருந்தார். திரும்புகையில் ஏடன் அருகே கப்பல் உடைந்தது. 1582இல்தான் தாயகம் சேர்ந்தார். போபால் அரசி சிக்கந்தர் பேகம் 1864இல் பெரும் பரிவாரத்துடன் மக்கா சென்றும், வழிக்கொள்ளையின் அச்சத்தால் மதீனா செல்லாமலே திரும்பினார். அரசியர்க்கே இந்நிலை எனில், ஏழை விதவையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

காலம் மாறிற்று. பம்பாயிலிருந்து ஜித்தா சென்ற யாத்திரைக் கப்பல்கள் 1995உடன் நின்றன. மாதக்கணக்கில் நீண்ட வழி, விமானத்தில் சில மணி நேரமாகச் சுருங்கிற்று. 2018இல், தத்தம் நெறி அனுமதிப்பின், 45 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் நால்வர் சேர்ந்து மஹ்ரம் இன்றியே செல்லலாம் என இந்திய அரசு விதி வகுத்தது. 2022இல் சவுதி அரேபியாவும் மஹ்ரம் கட்டாயமில்லை என அறிவித்தது. 2023இல் இந்தியாவிலிருந்து 4,300க்கும் மேற்பட்ட பெண்கள் அவ்வாறு சென்றனர். அவ்வாண்டு கோழிக்கோட்டிலிருந்து, 145 பெண்களை மட்டுமே ஏற்றிய விமானமொன்று, பணியாளரும் மாதராகவே இருக்க, ஜித்தா சென்றது. மகனோ சகோதரனோ இல்லாத காரணத்தால் கடமை நிறைவேறாமலே காலம் கழிந்த முதியோர்க்கு இது பெரும் ஆறுதலன்றோ!

யாத்திரை செல்லும் மாதர் சில முறைகளை முன்னரே கற்றல் நலம். ஆடவரைப் போலத் தையலில்லாத ஆடை அவர்களுக்கு இல்லை. வழக்கமான அடக்கமான உடையே இஹ்ராமுக்கும் போதும். தல்பியாவைத் தாழ்ந்த குரலில் ஓதுவர். குன்றுகளிடையே ஆடவர் விரையும் பகுதியிலும் பெண்கள் நடந்தே செல்வர். முடியை மழிக்காமல், நுனியில் விரல்நுனி அளவு கத்தரிப்பர். மாதவிலக்கு நேரின், கஃபாவை வலம்வரும் தவாஃப் ஒன்று நீங்கலாகப் பிற சடங்குகளைச் செய்யலாம். நபிகளாரின் இறுதி ஹஜ்ஜின்போது ஆயிஷா அம்மையாருக்கு இந்நிலை நேர்ந்தது. நபிகளார் அவருக்குக் கூறிய அறிவுரையே இன்றும் விதியாக உள்ளது.

துணை வேண்டுமென்ற விதியின் உள்ளக்கருத்து, பெண்ணின் காவலே. அக்காவலை உறவினர் ஒருவர் அளித்தாலும், நம்பகமான குழு அளித்தாலும், கருத்து ஒன்றே என ஷாஃபியர் கொண்டனர். மாறுபட்டோரின் மனச்சான்றும் மதிப்புக்குரியதே. ஆகவே, புறப்பட விழையும் தாய்மார்கள் முதலில் தம் நெறி அறிந்த ஆலிம்களை வினவுக. நற்றுணையான தோழியரைத் தேடுக. சடங்குகளை ஊரிலேயே கற்றுத் தெளிக. அதன்பின் பயணத்துக்கு ஆயத்தமாகுக.