லாரியில் ஏறிய கணினி

ராணுவம்னு சொன்னதும் நமக்கு பீரங்கியும் டாங்கியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா படை நகர்ந்தா கூடவே கணக்குப்பிள்ளையும் நகரணும். எந்த உதிரிபாகம் எந்தக் கிடங்குல இருக்குன்னு தெரியலைன்னா டாங்கி ரோட்டோரமா நிக்க வேண்டியதுதான். இந்தக் கணக்குப்பிள்ளை வேலையை அமெரிக்க ராணுவம் கணினிகிட்ட ஒப்படைச்ச கதை சுவாரசியமானது.

1946-ல் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியே ராணுவம் காசு கொடுத்துச் செய்யச் சொன்னதுதான். பீரங்கிக் குண்டு எங்க போய் விழும்னு அட்டவணை போட. எடை சுமார் 30 டன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல ஒரு பெரிய அறையை அடைச்சுக்கிட்டு நின்னது. அதைத் தூக்கிட்டு போர்க்களத்துக்கா போக முடியும்?

எட்டு வருஷம் கழிச்சு, 1954-ல், டைசியாக் வந்தது. ராணுவத்தின் சிக்னல் பிரிவுக்காக இதைக் கட்டினது தனியார் கம்பெனி இல்லீங்க, தேசியத் தர நிர்ணய அலுவலகம்ங்கிற அரசு ஆய்வுக்கூடம். 900 வெற்றிடக் குழாய்கள், 24,500 டயோடுகள், எடை சுமார் 18 டன். ஆனாலும் டிரக்குல ஏத்திட்டாங்க! நகரக்கூடிய முதல் கணினிகள்ல இதுவும் ஒண்ணு.

அடுத்தது மோபிடிக். இந்தத் தடவை ஒப்பந்தம் சில்வேனியா என்ற தனியார் நிறுவனத்துக்குப் போச்சு. குழாய்களுக்குப் பதிலா டிரான்சிஸ்டர். முதல் இயந்திரம் 1959 கடைசியில தயார். 1960களின் தொடக்கத்துல ஒண்ணு மேற்கு ஜெர்மனியின் ஸ்வைப்ரூக்கன் நகருக்குப் போய், அங்கிருந்த ஏழாவது படையின் சரக்குக் கணக்கைப் பார்த்துச்சு. குண்டு போடற வேலை இல்லை, சாதாரண ஸ்டாக் ரிஜிஸ்டர் வேலைதான்! வெவ்வேறு கருவிகள் தங்களுக்குள்ள பேசிக்க இதோட சேர்ந்து வளர்ந்த ஃபீல்டேட்டா குறியீட்டு முறை, பின்னாடி வந்த ஆஸ்கி தரத்துக்கு முன்னோடிகள்ல ஒண்ணு.

சரி, இதுல என்ன விசேஷம்? 1954-ல் அரசே செஞ்சது. 1959-ல் கம்பெனிகிட்ட செய்யச் சொல்லி வாங்கினாங்க. ரெண்டுலயும் இயந்திரம் ராணுவத்தோட சொத்து. இப்போ நடக்கறது வேற. கல்யாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் எடுக்கற மாதிரி, வேணும்கறப்போ வேணும்கற அளவுக்கு எடுத்துக்கறது.

2018-ல் பென்டகன் 'ஜெடை'ன்னு ஒரு மேகக் கணிமை ஒப்பந்தத்துக்கு டெண்டர் விட்டது. பத்து வருஷம், உச்சவரம்பு 1,000 கோடி டாலர், எல்லாம் ஒரே நிறுவனத்துக்கு. போர்முனைக்குத் தூக்கிட்டுப் போகும் கருவிகளும் அதுல அடக்கம். 2019 அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட்டுக்குக் கிடைச்சது. அமேசான் கோர்ட்டுக்குப் போச்சு. 2020 பிப்ரவரியில இடைக்காலத் தடை, 2021 ஜூலையில ஒப்பந்தமே ரத்து. கடைசியில 2022 டிசம்பர்ல அமேசான், கூகிள், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள்னு நாலு பேருக்கும் சேர்த்து 900 கோடி டாலர் உச்சவரம்பு போட்டு வேற ஒப்பந்தம் கொடுத்தாங்க. உச்சவரம்புன்னா செலவாகற தொகை இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆர்டர், அதுக்கு மட்டும்தான் காசு.

வாடகை முறையால என்ன லாபம்னு உக்ரைன் காட்டுச்சு. அரசுத் தகவல்கள் நாட்டுக்குள்ளதான் இருக்கணும்னு அங்க சட்டம் இருந்தது. படையெடுப்புக்கு ஒரு வாரம் முன்னாடி, 2022 பிப்ரவரியில, அதை மாத்தினாங்க. அமேசானின் 'ஸ்னோபால்' பெட்டிகள் போலந்து வழியா உள்ளே போச்சு. ஒவ்வொண்ணும் சுமார் 22 கிலோ, ரெண்டு பேர் தூக்கிடலாம். அரசுப் பதிவேடுகள், பல்கலைக்கழகத் தகவல்கள், வங்கித் தகவல்கள் எல்லாம் சண்டை நடந்துக்கிட்டிருக்கும்போதே வெளியே போயிடுச்சு. கட்டடம் போனாலும் கணக்கு பிழைச்சது.

ஆனா எனக்கு ஒரு உறுத்தல். டைசியாக் கெட்டுப்போனா, அதைக் கட்டினவங்களும் அரசு ஊழியர்கள், கூப்பிட்டா வந்தாகணும். வாடகைக்காரன் நடுராத்திரியில 'இந்தச் சண்டைக்கு நான் தரமாட்டேன்'னு சொன்னா? ஒரே ஆள்கிட்ட எடுக்காம நாலு பேர்கிட்ட எடுத்தது இந்த ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும். முழுசாப் போக்காது. பெரிய நாட்டுக்காவது பேரம் பேசத் தெம்பு இருக்கு. சின்ன நாடுகள் வாடகைக்கு எடுக்கும்போதே, சாவி யார் கையிலன்னு கேட்டு எழுதி வாங்கிக்கறது நல்லது.