கைத்தொழிற்கல்வியும் பிறப்பும்: வார்தாவிலிருந்து சென்னை மாகாணம் வரை

சதாராவில் பள்ளி மாணவராயிருந்த அம்பேத்கர், வகுப்பின் மூலையில் தனியே ஒரு சாக்குத் துணியில் அமர்த்தப்பட்டார். அதை மாலையில் வீட்டுக்கு எடுத்துச் சென்று மறுநாள் அவரே கொண்டுவர வேண்டும். தண்ணீர்க் குழாயைத் தொட அவருக்கு அனுமதியில்லை. பள்ளிப் பணியாளர் திறந்துவிட்டால்தான் தண்ணீர். ஏட்டைத் திறப்பதற்கு முன்பே பள்ளி உடலுக்குச் சாதியைக் கற்பித்தது. எனவே, உடலுழைப்பைப் பாடமாக்கும் எந்தத் திட்டத்தையும் அது சாதியோடு கொள்ளும் உறவை வைத்தே மதிப்பிட வேண்டியுள்ளது.

1937 அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் காந்தியின் தலைமையில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. அதன்வழி அமைந்த ஜாகிர் உசேன் குழு, தாய்மொழியில் 7 ஆண்டு இலவசக் கட்டாயக் கல்வியைப் பரிந்துரைத்தது. ஐந்தரை மணிநேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு ஒதுக்கப்பட்டது. நூற்கும் நூலை அளப்பதிலிருந்து கணக்கும், பருத்தியிலிருந்து வேளாண்மையும் வரலாறும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அதன் முறை. இலங்கைத் தமிழரான ஆரியநாயகமும் அவர் துணைவியார் ஆஷாதேவியும் சேவாகிராமத்தில் இக்கல்வியை நடத்தினர். துப்புரவுப் பணியும் அங்கு அனைவருக்கும் பொதுவான பாடமாயிற்று. இழிவெனச் சிலர்மீது சுமத்தப்பட்ட வேலை எல்லார் கைக்கும் வந்தது. இதுவே இத்திட்டத்தின் சமத்துவக் கூறு.

ஆயினும் மாணவர் செய்த பொருள்களின் விற்பனையால் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்ற எதிர்பார்ப்பு அதனுள் இருந்தது. பொருளாதார நோக்கம் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடக்கூடும் என்று குழுவின் அறிக்கையே எச்சரித்தது.

1953இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் வேறொரு சிக்கல் எழுந்தது. கிராமத் தொடக்கப்பள்ளிகளில் பாடநேரம் 3 மணியாகக் குறைந்தது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். இருமுறை வகுப்பு நடத்தினால் கூடுதலான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் வாதம். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதைக் ‘குலக்கல்வி’ என்று எதிர்த்தனர். 1954இல் காமராசர் அரசு கைவிட்டது.

இரு திட்டங்களும் கையுழைப்பைப் போற்றின. வார்தா திட்டத்தில் நெசவாளர் மகனும் நிலக்கிழார் மகனும் ஒரே தக்ளியைப் பிடித்தனர். சென்னைத் திட்டத்தில் அவரவர் தந்தையின் கருவியிடம் திருப்பி அனுப்பப்பட்டனர்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்கள் 10 நாள் புத்தகப்பையின்றித் தச்சர், குயவர், தோட்டக்காரர் முதலியோரிடம் பயில வேண்டும் என்கிறது. இதை ஆராய்வோர் எந்தப் பிள்ளை யாருடைய தொழிலைப் பயில்கிறது, அந்த 10 நாள் முடிந்தபின் எந்தப் பிள்ளைக்கு அத்தொழிலைத் தவிர வேறு வழியில்லை என்பதைக் களத்தில் கேட்டறிய வேண்டும்.